ஊசிக்கு அடியில் இருந்த சட்டை

என் கண்ணான பேத்திக்கு,

மாடும் அதன் பேத்தியும் நலம். நீ தைக்கச் சொன்ன சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா இறந்தபின், மானியத்தில் கறவைமாட்டுக் கடன் கேட்டு நின்றேனே, அன்று மகளிர் குழுவில் யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். ஒருத்தியையும் மன்னிக்கவில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் எதிர்வீட்டுத் தையல்கார அத்தை மட்டும்தான். "பிள்ளைய படிக்க வைங்கக்கா, நான் இருக்கேன்" என்றாள். அந்தப் பாலை விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். எனக்குக் கடன் கொடுத்த அதே ஆபீசில் உனக்கு வசூல் வேலையும் கிடைத்தது.

போன வாரம், தையல் மிஷின் கடனில் அத்தை தவணை தவறினாளென்று ஆட்களோடு வந்து அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாய். நம் வீட்டுப் பக்கம் நீ திரும்பவில்லை. அப்போது ஊசிக்கு அடியில் இருந்தது உன் சட்டைதான்.

நேற்று அவளே கொண்டுவந்தாள். "ஒரு பக்கம் மட்டும் கையாலதான் தைச்சேன்க்கா. கோணலா இருந்தா சொல்லுங்க, பிரிச்சுத் தைக்கிறேன்" என்றாள். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கோணல் இல்லை, போட்டுக்கொள். லீவுக்கு மட்டும் வந்துவிடாதே. வந்தால், "சாப்பிட்டியாடி கண்ணு?" என்று முதலில் கேட்கப்போகிறவள் அவள்தான்.

உன்னை வளர்த்த
பாட்டி