என் பொறுப்பில் ஒரு மாடு

3 ஜூன் 1974, திங்கள்
காலையிலேயே அனல்.
1. இதை எழுதுபவன் சீ. வரதராஜன், வயது ஐம்பத்திரண்டு, வழக்கறிஞர், கும்மிடிப்பூண்டி. மிருகவதைத் தடுப்புச் சட்ட வழக்குகள் மட்டும். வீட்டில் வேறு நபர் இல்லை.
2. புதிய தொழிற்சாலைக் கட்டடத்துக்கு அளவு மீறி இரும்புக்கம்பி ஏற்றிய ஒற்றைமாட்டு வண்டிக்காரர் முனுசாமி (இனி மு.) மீது நான் தொடுத்த வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம். கழுத்துப் புண் ஆறும்வரை மாடு என் பொறுப்பில், நீதிமன்ற உத்தரவு.
3. மாடு எதையும் தின்னவில்லை.

5 ஜூன், புதன்
புல், தவிடு, புண்ணாக்கு, எல்லாம் வைத்தபடியே. மாலையில் மு. வேலியோரம் வந்து நின்றார்.
"ரயிலடியில மூட்ட தூக்கிக்கினு கீறேன் சார். வண்டி சும்மா நிக்குது."
தொட்டியை எட்டிப் பார்த்தார்.
"உன்னாண்ட துன்னாது. கேஸு போட்டது நீதான்னு அதுக்குத் தெரியும்."
தவிட்டைத் தன் கையால் பிசைந்து வைத்தார். தின்றது. தினமும் வர அனுமதித்தேன். வாய்மொழியாக.

8 ஜூன், சனி
காவல் நிலையத்தில் சட்ட வகுப்பு எடுத்தேன். மிருகவதைச் சட்டம், பதினோராம் பிரிவு. வந்தவர் மூவர், ஒருவர் தூக்கம். ஏட்டு ஏழுமலை: "மாட்ட அடிச்சா கேஸு, ரைட்டு சார். அது நம்மள முட்டினா இன்னா செக்‌ஷன்?" சிரிப்பு. நானும் சிரித்திருக்கலாம்.
மாலை, மு.வுக்குக் காப்பி. "ஏன் சார் கல்யாணம் கட்டிக்கல?" இன்னொரு டம்ளர் ஊற்றினேன். இதைக் கேட்க நெடுநாளாக ஒருவரும் இல்லை.

13 ஜூன், வியாழன்
மழை. மு. வரவில்லை. மாடு என் கையால் தின்றது, முழுத் தொட்டியும். மு.விடம் தெரிவிக்க வேண்டும்.

14 ஜூன், வெள்ளி
மு. வந்தார். தவிடு பிசைந்தார். தெரிவிக்கவில்லை.

18 ஜூன், செவ்வாய்
மாட்டு டாக்டர் ராமலிங்கம் வந்தார். புண் ஆறிவிட்டது. "வேணும்னா ஆற இன்னொரு வாரம் ஆகும்னு சர்டிபிகேட் போட்டுத் தரட்டா சார்? உங்களுக்கும் ஒரு துணை." அவர் சொன்னது மாட்டை. உடனே மறுத்திருக்க வேண்டும், வாசல்வரை யோசித்தேன். மூட்டை தூக்கி மு.வின் தோள் வீங்கியிருக்கிறது. ஆறியதை ஆறியதாகவே எழுதச் சொன்னேன்.

20 ஜூன், வியாழன்
ஒப்படைப்பு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மு. கேட்டார்:
"இனிமே ரோட்ல பாத்தா நிறுத்துவியா சார்?"
"பாரம் அதிகம் இருந்தால் நிறுத்துவேன்."
"ஏத்த மாட்டேன் சார். உன்னோட பேஜாரே வேணாம்."
"அப்படியானால் நிறுத்த மாட்டேன்."
"சரி சார்."
மாடும் கயிறும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன. என் பொறுப்பில் வேறெதுவும் இல்லை.

(ஒப்பம்) சீ. வரதராஜன்
சாட்சிகள்:
1. டாக்டர் ராமலிங்கம்
2. ஏட்டு ஏழுமலை