பச்சைப் பூட்டுக்கு மூன்று சோதனை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் மாற்றிவிட்டார். பள்ளிக்கூடத் தெருக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது. மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் கிருமி உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அறையிலிருந்து அறிக்கை வெளியே வரும்போது ‘இல்லை’ ஆகிவிட்டது. எங்கள் குமாஸ்தாவுக்கு ‘சரிங்க சார்’ என்றே பெயர்; வழக்கம்போல “சரிங்க சார்” என்று சொல்லி முத்திரை குத்தினார். பன்னிரண்டு வருடமாக இதே லேபில் இருக்கிறார். அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை கேட்டதில்லை. முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருகிற ஆள்.

மார்ச் 5, வியாழன்

குடிநீர்க் கண்காணிப்பு அலுவலகத்தின் புகார்ப் பக்கத்தில் பெயர் கட்டாயமில்லை. ஆனால் மேலாளர் போன வருடமே சொல்லிவைத்திருக்கிறார்: “எவனாவது மொட்டைக் கடிதாசி போட்டா, ஐபி அட்ரஸ எடுத்து வீட்டு வாசலுக்கே போயிடுவேன். அங்க நமக்கு ஆள் இருக்கு.” நம் இணைய இணைப்பின் எண்ணாம் அது, எங்கே போனாலும் கூடவே வருமாம். என் வீட்டுக்காரருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. என் வேலையும் போனால் கேட்கவே வேண்டாம்.

மார்ச் 7, சனி

கொழுந்தன் வந்து விபிஎன் போட்டுக் கொடுத்தான். அது நம் எண்ணை மறைத்து வேறு எண்ணைக் காட்டுமாம். குடும்பத்தின் கம்ப்யூட்டர் மேதை இவன்தான். பிரிண்டருக்குக் காகிதம் வைக்கத் தெரியாது, அது வேறு விஷயம்.

“அண்ணி, திரையில இந்தப் பச்சைப் பூட்டு வந்துட்டா போதும். எவனாலயும் உங்களக் கண்டுபிடிக்க முடியாது.”

“சோதிச்சுப் பாத்தியா?”

“எதுக்கு? அதான் பச்சையா இருக்கே!”

அடேயப்பா! எங்கள் மேலாளர் பொய் அறிக்கையிலும் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுகிறார்.

மார்ச் 8, ஞாயிறு

சோதனை என்றால் இனி என் முறைதான். லேபில் ஒப்பிடுவதற்காக முதலில் சுத்தமான நீரை வைத்துப் பார்ப்போம். அதேபோல, விபிஎன் இல்லாமல் ஐபி காட்டும் பக்கத்தைத் திறந்து, வந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டேன். ஊர், இணைய நிறுவனம் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தது. பிறகு விபிஎன் போட்டேன். எண் மாறியது. கால் வைக்காத நாடு ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேனாம். இரண்டாம் முறையும் அதே.

மூன்றாம் முறைக்குள் வைஃபை ஒரு நொடி போய் வந்தது. மறுபடி திறந்தால் – தாளில் எழுதிய அதே எண். என் சொந்த எண்! பூட்டு மட்டும் பச்சையாகவே பல்லிளிக்கிறது.

கொழுந்தனுக்கு ஃபோன் செய்தேன். “வைஃபை கட்டாகாமப் பாத்துக்கங்க அண்ணி.”

பெரிய விஞ்ஞானி!

மார்ச் 11, புதன்

நோண்டியதில் ஒரு பொத்தான் கிடைத்தது. விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும். அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள், புத்திசாலிகள். அப்புறம் இன்னொரு சோதனைப் பக்கம்: ஒரு தளத்துக்குப் போக நம் கம்ப்யூட்டர் யாரிடம் வழி கேட்கிறது என்பதைக் காட்டுகிறது. அங்கே நம் இணைய நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில். மாறுவேடம் போட்டுக்கொண்டு சட்டையில் பெயர் அட்டையைக் குத்திக்கொண்ட மாதிரி. அதையும் சரிசெய்தேன்.

மார்ச் 14, சனி

மூன்று சோதனை, மூன்றும் சுத்தம். வைஃபையை நானே பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தேன். விபிஎன் திரும்பும்வரை இணையம் வரவில்லை, என் எண்ணும் வெளியே வரவில்லை. வேறு பிரவுசரிலும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம்.

மார்ச் 17, செவ்வாய்

ஃபோனிலும் பார்க்க வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

பள்ளிக்கூடத் தெருவில் பதினோரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்காம். வீட்டுக்காரர் கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

“நீ அனுப்பிட்டதானே?”

“இன்னும் ஒரு சோதனை பாக்கி.”

என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

காலையில் மேலாளர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். “புகார் போயிருக்கு. ஐபி அட்ரஸ் எடுத்தாச்சு. யாருன்னும் தெரியும். மரியாதையா ஒத்துக்கங்க.”

நான் அனுப்பவே இல்லையே! ஆள் சும்மா அளக்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “எதுக்கு சார் அவ்வளவு சிரமம்? அடியிலயே என் பேரு போட்டிருக்கேனே.”

‘சரிங்க சார்’!

போன வாரமே, லேப் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பியிருக்கிறார். பெயர், வீட்டு முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் கொடுத்து. விபிஎன் என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டதில்லை. மேலாளர் முகம் சிவந்து, “வெளிய போ!” என்று கத்தினார்.

“சரிங்க சார்” என்று சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றும் சுத்தமான பிறகு ஆறு நாள். அந்த ஆறு நாளும் நான் எதைச் சோதித்துக்கொண்டிருந்தேன்? பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தானே குடித்தார்கள்? த்தூ. அவரையா முதுகெலும்பு இல்லாதவர் என்று எழுதினேன்?

மார்ச் 24, செவ்வாய்

கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். முத்திரை குத்தியவர் சொல் மட்டும் போதாதாம். “தண்ணியச் சோதிச்சது யாரு? அவங்க எழுதிக் கொடுக்கணும்” என்றார். மேலாளர் என்னையே முறைத்துக்கொண்டு நின்றார்.

பேனாவை எடுத்தேன். எழுதினேன். மூன்று சோதனையின் முடிவும், அடியில் என் பெயர், வீட்டு முகவரி, ஃபோன் நம்பர்.

அந்த அம்மா படியிறங்கியதும் மேலாளர் பக்கத்தில் வந்தார். “நாளைலேருந்து நீங்களும் வர வேண்டாம்.”

“சரிங்க சார்” என்றேன்.