கழட்டாத மோட்டார்

ஜூலை 8, செவ்வாய்
குரங்கணி ரோட்டில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். முதலாளி தங்கபாண்டியன் என் டிப்ளமோவைப் புரட்டக்கூட இல்லை.
"எலக்ட்ரிக்கல் படிச்சிருக்க. எத்தன மோட்டார் கழட்டிருக்க?"
ஒன்றுமில்லை என்றேன். காலேஜில் அறுபது பேருக்கு ஒரு மோட்டார். தொட்டால் திட்டு.
"அப்ப மார்க்கெல்லாம் எப்புடி வந்துச்சு?"
"படம் வரைஞ்சேண்ணே."
வாசலில் நின்ற ஜீப்பு டிரைவர்கூடச் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவி ரமீஸா இறந்த இந்த நாலு மாதமாக எதுவுமே வருவதில்லை.

ஜூலை 9
படுத்தே இருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
ஜும்மா முடிந்து வந்தால், அம்மா முட்டிவலியோடு அம்மியில் தேங்காய் அரைக்கிறார். மிக்ஸி பரணில். ரமீஸா போவதற்கு முந்தின வாரம் நின்றது. "கரண்டு படிச்ச மாப்ளன்னு எங்க வீட்ல பெருமையடிக்கிறாக. மிக்ஸி ஓடலன்னு வெளிய சொல்லிராதீக" என்று சிரித்தாள். கடையில் கொடு என்றேன். கழட்டப் பயம் எனக்கு. அவ கொடுக்கல. நான் பாப்பேன்னு எடுத்து வச்சிருக்கா. ஏன்டா, தொட்டாவது பாத்தியா நீ?

ஜூலை 13, ஞாயிறு
இறக்கினேன். பழைய துப்பட்டாவில் கட்டியிருந்தாள். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்கத்தான் ரொம்ப நேரம். உள்ளே, சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்து, சுண்டுவிரல் நகமளவு. இதைத்தான் பத்து மார்க்குக்கு வரைந்தேனா? பெருசா இருக்கும்னு நெனச்சிருந்தேன்.
புதுசு போட்டு மூடினால் ஒரு ஸ்குரூ மிச்சம். மறுபடி கழட்டினேன். சாயங்காலம் ஓடியது. அம்மா அழுதார். நானும் — நாலு மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 15, செவ்வாய்
மறுபடி ஸ்டோர்.
"ஒண்ணு கழட்டிட்டேண்ணே. ரெண்டு தடவ."
"என்ன மோட்டாரு?"
"மிக்ஸி."
விழுந்து விழுந்து சிரித்தார். "மிச்சம் எத்தன ஸ்குரூ?"
"மொதத் தடவ ஒண்ணு. ரெண்டாந்தடவ இல்ல."
சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "டிரையர் காத்தாடி கத்துது. மூணு லோடு பச்சக்காய் எறங்கிக் கெடக்கு. போய் வெரசா பாரு."
பேரிங் போயிருந்தது. கழட்டி மாற்றினேன். படம் வரைந்ததும் வீண்போகவில்லை, எது எங்கே இருக்கும் என்று தெரிந்தது. அந்தி சாயுமுன் சத்தம் நின்றது. காற்று மட்டும்.
"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்
மிக்ஸி சத்தத்தில்தான் எழுந்தேன். சட்னி.
ஸ்டோரில் முதலாளி, "டூல்ஸுக்கு ஒரு பை வாங்கித் தரட்டா மாப்ளே? என்னத்துலயோ சுத்திக் கொண்டாற?" என்றார்.
"வேணாம்ணே. இதுவே போதும்" என்று துப்பட்டாவை முடிந்தேன். அவள் போட்ட மாதிரியே.