பச்சையம்மா சுமந்த ஒன்பது நாள்

கெங்கம்மா,

தோள்பட்டை வலிக்குது. எழுத்து கோணலா இருந்தாலும் நிதானமாப் படி. கஞ்சி அடுப்பு மேல கீது. அம்மாவுக்கு முதல்ல ஊத்திக் குடு, காய்ச்சல் இன்னும் விடலை.

மாடத்துல அம்மா துறைமுக வேலைக்குக் காட்டற பித்தளை வில்லையைத் தேடாதே. நீ எடுத்துடக் கூடாதுன்னு நான் எடுத்துக்கினு வேலைக்குப் போறேன். "அம்மா இடம் போயிடும் நைனா, அந்த வில்லையைக் காட்டி நான் கரி சுமக்கறேன்"னு நேத்து நீ சொன்னதுக்கு உன்னை அறைஞ்சேன். காரணம் சொல்லலை. இப்ப சொல்றேன்.

என் தங்கச்சி பச்சையம்மாவும் இதையேதான் சொன்னா. நான் காய்ச்சல்ல கிடந்தப்போ என் வில்லையோட போனா. மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும். அவன் "வேலப்பா"ன்னு கூப்பிட்டா, இவ இல்லாத மீசையை முறுக்கிக்கினு, "கீறேன் மேஸ்திரி"ன்னு கட்டைக் குரல்ல சொல்லுவாளாம். எல்லாரும் சிரிப்பாங்களாம். ஒன்பதாம் நாள் கரிக் கூடையோட பலகையில வழுக்கி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல விழுந்துட்டா. பதினேழு வயசு.

துறைமுகப் புஸ்தகத்துல செத்தது நான், வேலப்பன்னு எழுதிட்டாங்க. அதனாலதான் அங்க வேற பேர்ல சேர்ந்தேன், என்னை கிருஷ்ணப்பன்னு கூப்பிடறாங்க. அவ பேரு எங்கியும் இல்லை.

மேஸ்திரி ஆளு வந்தா, அம்மாவுக்குப் பதிலா நம்ம வூட்லேர்ந்து யாரும் வரமாட்டாங்கன்னு சொல்லு. இடம் போனாப் போவட்டும்.

நைனா

மறந்துட்டேன். கன்னம் வீங்கியிருந்தா உப்பு வறுத்து ஒத்தடம் வச்சுக்கோ.

அந்த ஒன்பது நாள் வேலை என்னோடது. பச்சையம்மாவுக்கு நான் அதை இன்னும் திருப்பித் தரலை.