சுவருக்கு வைத்த பொட்டு

14-11-79, புதன். மழை.

அக்கா, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபிக்காதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். உனக்கு எழுதுவதாக நினைத்தால்தான் டைரியில் கை ஓடுகிறது. தைரியம் வந்தால் கிழித்து அனுப்புவேன்.

செங்கம் ரோட்டில் லாட்ஜ் வேலை. கார்த்திகை தீபத்துக்குள் அறைகள் முடிய வேண்டும். கொத்தனார் ஒருவர் காய்ச்சலில் படுக்க, மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நீ பூசறியாம்மா? உன் வூட்டுக்காரன் சொல்லிக் குடுத்திருப்பானே." ஆறு மாதம் கலவை சுமந்த கை. இன்று அதில் என் வீட்டுக்காரரின் பூச்சுக் கரணை. அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபின் அதைத் தொட்டதே இல்லை.

பூசுவதற்கு முன் நாலைந்து இடத்தில் கலவையை ஒட்டி மட்டம் பார்க்க வேண்டும். அதற்கு இங்கே பொட்டு என்று பெயர். வைத்தேன். ஏழுமலைக் கொத்தனார் சத்தமாக, "நெத்தியில வெக்க வழியில்ல, சுவத்துக்கு வெக்கறா பாருடா!" எல்லோரும் சிரிப்பு. சித்தாள் பெண்களும்தான்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் என் ஈரப் பூச்சு முழுக்க மண்வெட்டியால் வழித்துத் தரையில்.

15-11, வியாழன். மேகம். மழை இல்லை.

மறுபடி பொட்டு. மறுபடி பூச்சு. படித்தது பி.ஏ. வரலாறு; நகக்கண்ணெல்லாம் சிமெண்ட் எரிச்சல். பாப்பாவின் தூளி சுவரோரப் புங்கமரத்தில்.

பதினோரு மணி. சாரத்தின் மேல் ஏழுமலை. தூளிக்கு ஒரு சாண் தள்ளிச் செங்கல் விழுந்து உடைந்தது. சில்லு பாப்பா கன்னத்தைக் கிழித்தது.

இறங்கி வந்தான். "கை தவறிடுச்சும்மா. வேல எடத்துக்குக் கொழந்தையக் கொண்டாந்தா அப்படித்தான்." இளிப்பு.

கரணை கையில் இருந்தது. விளிம்பால் அடித்தேன். காதிலிருந்து தாடை வரை பிளந்தது. மறுபடியும் அடித்தேன். மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள். ரத்தம் என் சுவரில் தெறித்து ஈரத்தில் ஊறியது. பிறகு அதன்மேல் ஒரு கை பூசினேன். இப்போது கறை தெரியாது.

பூச்சு மட்டமாகவே வந்தது. அதுதான் பயம்.

17-11, சனி. வெயில்.

ஏழுமலைக்கு ஒன்பது தையல். போலீசுக்குப் போகவில்லை. "பொம்பளகிட்ட அடி வாங்கினேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்லுவான்?" மேஸ்திரி சிரித்தார். பிறகு சிரிக்காமல், "மூணாம் ரூம் உன்னுது. சாரத்து மேல பூச்சு. கொழந்த வாணாம். தையல் பிரிச்சதும் அவனும் வரான்."

வாங்க: தூக்குக்குண்டுக்கு நூல். பாப்பாவுக்குக் களிம்பு. சாரக் கயிற்றை இனி நானே கட்ட வேண்டும்.

சாயங்காலம் கடைத்தெருவில் ஏழுமலை, முகமெல்லாம் கட்டு. கத்தவில்லை. "உன் புருசன் வுழுந்த எடம் ஞாபகம் இருக்குதில்ல?"

பூச்சு வேலையை விட்டு நின்றுவிட்டால் மறுபடி கலவைச் சட்டிதான். நிற்கமாட்டேன். ஆனால் பாப்பா?

பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அம்மாவிடம் காட்டாதே. பாப்பாவை ஒரு மாதம் வைத்துக்கொள்வாயா? அவன் வேலைக்குத் திரும்புவதற்குள் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு அக்கா.