அப்பாவின் முகம் பார்க்கும் வண்டி

நல்லூர், திருப்பூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள பரணிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது இடையில் எங்காவது உனக்குப் பதற்றம் வந்தால் மேலே வந்து இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள். நீயும் அந்தக் கால்கரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகெதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதோடு எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதுவதுதான் எப்போதும் சுலபம். காலேஜில் வைவா என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், பரீட்சையில் மட்டும் கூடுதல் தாள் கேட்டு வாங்குவேன். நம் வீட்டிலேயே முதல் பட்டதாரி என்று பேர், நாலு பேர் முன்னால் பேசத்தான் இன்னும் வரவில்லை. எதிர்வீட்டு மோகன்ராஜ் அண்ணன் தன் மகளைப் பார்க்க அடுத்த வாரம் உன் ஊருக்கே வருகிறார், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

புது பிக்கப்பை நீ போட்டோவில்தான் பார்த்தாய். பழையதை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம் என்றுதான் அப்பா இருந்தார், அடிச்சட்டம் முழுக்கத் துரு, எஃப்.சி. சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆனபிறகுதான் மனசில்லாமல் ஷோரூமுக்குப் போனோம். தன் தையல் யூனிட்டைப் பூட்டிவிட்டு உன் பெரியப்பாவும் கூடவே வந்தார். அங்கே ஒரு பெண், பெயர் மைதிலி, உன் வயதுதான் இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். டீசல் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் இன்னொரு மூடி. புகையைச் சுத்தம் செய்ய இதில் யூரியாத் தண்ணீர் தனியாக ஊற்ற வேண்டும் என்றாள். பெரியப்பா உடனே, "வாழைக்கு வெக்கற யூரியாவாம்மா? அப்ப மாசம் ஒருக்காக் களையும் எடுக்கோணுமாக்கும்" என்றார், அந்தப் பெண் சிரிப்பை அடக்க ரொம்பச் சிரமப்பட்டாள். முன்மூடியைத் தூக்கினால் இன்ஜினே தெரியவில்லை, மேலே கறுப்புப் பலகை போட்டு மூடியிருந்தது. பழைய வண்டியில் சத்தத்தை வைத்தே எந்த நட்டு லூஸ் என்று சொல்கிற உன் அப்பா, தெரியாதவர் வீட்டுக்குள் வந்தவரைப்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விலையைச் சொன்னதும் அவருக்கு முகமே மாறிவிட்டது, பழைய வண்டிக்குக் கொடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த திரையைக் காட்டி, "ஏனுங்கம்மிணி, இந்த டிவியெல்லாம் எங்களுக்கு வேண்டாம், அதைக் கழட்டிப்போட்டு ஒரு வெலை சொல்லுங்க" என்று கேட்டார். "அது முடியாதுங்கண்ணா, உள்ள எல்லாமே ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும், ஒண்ணைக் கழட்டினா மத்ததும் நின்னு போயிருமுங்க" என்றாள் அவள். பரணி, அந்த ஒரு பேச்சு எனக்கு வீடு வரும்வரை காதிலேயே இருந்தது. சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்று பிரேக்குக்குத் தெரியும், பிரேக் என்ன நினைக்கிறது என்று இன்ஜினுக்குத் தெரியும், நாம் உள்ளே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, நமக்குக் கேட்காமல் அதுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டே ஓடும். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. உங்கள் ஊரில் ஒருவர் பால் வாங்க இதைவிடப் பெரிய பிக்கப்பில் தனியாக வருகிறார் என்று நீ சொன்னதைப் பெரியப்பாவிடம் சொன்னேன், "அப்பப் பாலுக்கு வாடகை எவ்வளவு போடுவானாம்" என்று கேட்கிறார்.

வண்டியை நேராகச் சிவன்மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். உனக்குத்தான் அப்பாவைத் தெரியுமே, சந்தனம் குங்குமம் வைக்க ஆரம்பித்தால் ஒன்றையும் விடமாட்டார். நாலு சக்கரம், கண்ணாடி, ஸ்டியரிங், கியர், டூல்ஸ் பெட்டிவரை வைத்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. "இதென்னமோ, இதுக்கு மட்டும் வெக்காம உட்டா மனசுக்கு ஒப்பாது" என்று அதற்கும் நடுவில் தடியாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார். மலையை விட்டு இறங்கும்போதே திரையில் மஞ்சளாக ஒரு கண் படம் வந்து மினுக்கியது. பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "பாத்தியா வேலு, ஊருக் கண்ணு பட்டதை வண்டியே சொல்லுது, இந்த வெலைக்கு இதாச்சும் சொல்லோணுமல்ல" என்றார். வீட்டு வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். மஞ்சள் கண் போகவில்லை. வாடகை நிற்கக் கூடாதென்று அப்பா அப்படியே ஓட்ட ஆரம்பித்துவிட்டார், நிட்டிங்கில் பின்னிய துணி ரோல் ஏற்றிச் சாயம் போட டையிங்குக்கு, அங்கிருந்து ஈரம் காய்ந்ததும் அழுத்தித் தேய்க்கக் காம்பாக்டிங்குக்கு, பிறகு பனியன் கம்பெனிக்கு, வழக்கம்போல.

வெள்ளிக்கிழமை பாட்டுக்காகச் சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு நான் உள்ளே துடைக்கும்போது, காய்ந்து வெடித்திருந்த அந்தச் சந்தனத்தையும் ஈரத்துணியால் எடுத்தேன். மஞ்சள் கண் தானாக அணைந்தது. எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. குனிந்து பார்த்தேன், கறுப்புக்குள்ளே மங்கலாகச் சிவப்பு தெரிந்தது, அதுவும் என்னைப் பார்ப்பதைப்போல் இருந்தது. அன்றைக்கு அவிநாசியில் ஒரு கல்யாணம், இருவரும் அதே வண்டியில் போனோம். பாதி வழியில் வண்டி கீங் கீங் என்று கத்தியது, திரையில் ஒரு காபிக் கோப்பைப் படம், ஒரு பெண் குரல் ஓய்வு எடுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னது. அப்பா திடுக்கிட்டு, "யாரு புள்ள அது" என்று என்னைக் கேட்டார். திரும்பி வரும்போது இன்னும் எச்சாகக் கத்தியது. அடுத்த நாளும் அப்படியே. ஏற்று இறக்குக்கு வருகிற பையன்கள், "அண்ணா, வண்டிக்குள்ள அக்கா திட்டறாங்க" என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கோபம், இத்தனை பணம் வாங்கிக்கொண்டு கோளாறு வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சர்வீசுக்குக் கிளம்பினார், இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் நான் வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார்.

அங்கே இளங்குமரன் என்று ஒரு சர்வீஸ் பையன், லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்பு வட்டம் டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா, கண் மூடினால் கூப்பிடும், கேமராவையே மறைத்தால் மஞ்சள் கண் காட்டும் என்றான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நானென்னங்க தூங்கிக்கிட்டா ஓட்டறேன்? நீங்களே சித்த ஓட்டிப் பாருங்க, கத்துதா இல்லையான்னு" என்றார். அவன் ஓட்டினான், நடுவில் அப்பா, கதவோரம் நான். பெருமாநல்லூர்ப் பக்கமாகப் போனோம், வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. "இன்னம் போங்க, கத்தும் பாருங்க" என்று அப்பா சொன்னார். இன்னும் கொஞ்ச தூரம் போவதற்குள் அப்பாவின் தலை என் தோளில் விழுந்தது. பட்டப்பகல், பதினோரு மணி, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, வாயைத் திறந்தபடி குறட்டை. அந்தப் பையன் வண்டியை மெதுவாக ஓரம் கட்டினான், என்னைப் பார்த்து ரொம்பத் தணிந்த குரலில், "அக்கா, வண்டில ஒண்ணுமில்லீங்க" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிடும்போது பிசைந்த கை தட்டிலேயே நிற்பதும், பேச்சுக்கு நடுவே கண் செருகுவதும் நான் பார்த்ததுதான், உழைத்த அலுப்பு என்று நினைத்தேன். நான் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதை, வந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு வண்டி பார்த்துக் கத்துகிறது.

கோயமுத்தூரில் டாக்டரிடம் காட்டினோம், உடம்பெல்லாம் வயரை ஒட்டித் தூக்கத்தையே சோதித்தார்கள். படுத்தபிறகு அப்பாவுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம், அதனால் இரவில் தூக்கமே தூக்கமாக இல்லை, பகலில் தானாக வருகிறது. காற்று ஊதுகிற ஒரு மெஷினும் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கும் கொடுத்தார்கள், தினமும் போட்டால் சரியாகிவிடும், சரியாகிவிட்டது என்று அவர்களே சொல்கிறவரை வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும், "மாட்டுக்கு வாய்க்கூடு கட்டறாப்பல இதைக் கட்டிக்கிட்டு எவன் தூங்குவான்" என்று அதைப் பீரோமேல் வைத்துவிட்டார். மறுநாள் காலை பத்தி கொளுத்திச் சாமி கும்பிட்டவர் வண்டியில் ஏறி, அந்தக் கறுப்புக் கண்ணில் தடியாகச் சந்தனம் அப்பினார். இந்த முறை தெரிந்தே. அவர் சாமிக்கென்று வைத்ததை நான் அழித்தால் பெரிய சண்டையாகும். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "எங்க வர்ற" என்றார். "சும்மாதானுங்க" என்றேன்.

இரண்டு நாள் அப்படியே போனது, அவர் கண்ணை நான் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் காங்கயம் ரோட்டில் கம்பெனி வேனுக்காகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள், சாப்பாட்டுக் கூடையும் கையுமாக. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஓரத்துக்கே போகிறது. திரும்பிப் பார்த்தால் அப்பாவின் கண் மூடியிருக்கிறது. "ஏனுங்க!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் ரோல்கள் சரிந்தன. ஒரு கூடை மட்டும் கீழே விழுந்து சாப்பாடு கொட்டியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை சாமி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடைக்காரப் பெண் ஜன்னலுக்கு வந்து, "கண்ணு எங்க வெச்சு ஓட்டறீங்க, ஊட்டுல கொழந்தைங்க இருக்குது எங்களுக்கு" என்று கேட்டாள். அவள் போனபிறகு தோள் துண்டால் அந்தச் சந்தனத்தை அப்பாவே அழுத்தி அழுத்தித் துடைத்தார். மோகன்ராஜ் அண்ணன்தான் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

நீ உடனே டிக்கெட் போட்டுவிடாதே, வண்டியை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லாதே. அப்பா அதன்பிறகு ஓட்டவில்லை, டிரைவர் தேடிப் பார்த்தோம், கிடைக்கிற ஆட்கள் ஒரு வாரத்துக்குமேல் நிற்பதில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பெரியப்பா அங்கேதான் இருந்தார், "ஸ்கூட்டியவே காலை ஊனி ஊனி ஓட்டற புள்ள" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எல்.எல்.ஆர். வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனியெல்லாம் லீவு என்பதால், சைட் போட்டுக் காலியாகக் கிடக்கும் இடத்துக்கு எல் போர்டு கட்டிக்கொண்டு போகிறோம். பழைய வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்ப அப்பாவே மூச்சுப் பிடிப்பார், இது என் விரலுக்குத் திரும்புகிறது. மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்கிறது. ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருக்கும் வேலிமுள்கூடத் திரையில் தெரிகிறது. அந்தப் பெண் ஷோரூமில் ஒவ்வொன்றாகச் சொன்னபோது எதற்கு இதெல்லாம் என்று அப்பா கேட்டது ஞாயம்தான், அவருக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்திருக்கிறது. இன்றைக்குக் காலை முதல்முறையாக மூன்றாவது கியரில் ரோட்டுக்கு வந்தேன். அந்தக் கறுப்புக் கண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தது, ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இத்தனை பெரிய பொருள் என் காலடியில் முனகிக்கொண்டு நான் சொன்ன பக்கம் போகிறது, நம்பவே முடியவில்லை பரணி. அப்பா கிளட்ச், கிளட்ச் என்று சொல்லிக்கொண்டே வந்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் வந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

உனக்கு முருகன் துணையிருக்கட்டும், நல்ல வேலையும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். ஒரு வேலை மட்டும் உனக்கு. மாஸ்க்கைப் பீரோமேலிருந்து எடுத்தாகிவிட்டது, ஆனால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடுகிறார். நீ காலையில் எழும் நேரம்தான் அப்பா இங்கே படுக்கும் நேரம். தினமும் அப்போது கூப்பிடு. அதை மாட்டியபிறகு அவரால் பேச முடியாது, நீயே பேசு, அங்கே பனி பெய்ததை, நீ ஏறின பஸ்ஸை, ஏதாவது சொல்லிக்கொண்டே இரு, அவர் தூங்குகிறவரை கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உன் அம்மா,
சாரதாமணி வேல்குமார்