பூஜைக்குப் பிறகு மூடிக்கொண்ட போர்ட்

20 அக்டோபர் 1999, புதன்

காலையிலிருந்து தூறல். தசரா கழிந்து முதல் வேலை நாள். ஆபீஸ் போகும் ஹெப்பாள் பஸ்ஸில் பாதி சீட் காலி.

ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டருக்கு லைன் இல்லை: சம்பளப் பிரிவு, ஸ்டோர்ஸ். நான் போன மாதம் போட்ட பூட்டு வேலை செய்திருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டர் ஒயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு துளைக்கு, ஒரு கம்ப்யூட்டர்தான். வேறு எதைச் செருகினாலும் போர்ட் மூடிக்கொள்ளும், செருகியது எது என்றும் காட்டிக்கொடுக்கும். சம்பளக் கணக்கை யாரோ எட்டிப் பார்த்தார்கள் என்று மேனேஜர் சார் போடச் சொன்னது.

சம்பள போர்ட்டில் மாட்டியது ஸ்டோர்ஸ் செல்வி அக்காவின் கம்ப்யூட்டர். பேரை எடுத்து சாரிடம் நீட்டினேன், ஏதோ சாதித்தமாதிரி. சே.

அக்கா மாதேஸ்வரன் மலை அடிவாரத்து ஹனூர்க்காரர். டெம்பரரி. இந்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டியவர். ஒயரை வேண்டுமென்றே மாற்றினாய் என்று சார் எல்லார் முன்னாலும் கன்னடத்தில் கத்தினார். அக்கா என்னைப் பார்த்துத் தமிழில்: "ஆயுத பூஜைக்கு மிசினைத் தொடைச்சுப் பொட்டு வெச்சேனுங்க. அதுக்கு மேல ஒண்ணுந் தெரியாதுங்க."

சார் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை முடிவாம்.

21, வியாழன்

தலைவலி. கொலு பொம்மை இன்னும் பெட்டிக்குள் போகவில்லை, அம்மா திட்டு.

ஸ்விட்ச் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஒயரும் இடம் மாறித்தான் இருக்கின்றன. நம்பர் சீட்டு உரிந்துபோனவை அவை மட்டுமே. பூஜையன்று நான் லீவு. அலமாரியை யார் திறந்தது? "சாவி என் பையில்தான், யாரும் தொடவில்லை," என்கிறார் சார். பிறகு கன்னடத்தில் கேட்டார், உங்கள் பாஷைக்காரி என்று காப்பாற்றப் பார்க்கிறாயா என்று.

கோபம், பயம், இரண்டும்.

22, வெள்ளி

வெயில். ஸ்டூடியோவிலிருந்து பூஜை போட்டோ வந்தது. கைக்குக் கை மாறி என்னிடம்.

சாமுண்டி படம். பூசணிக்காய். நடுவில் செவ்வந்தி மாலையோடு என் ஸ்விட்ச். ஒரு ஒயர்கூட இல்லை. ஆரத்தித் தட்டோடு சார்.

அவர் மேஜையில் வைத்தேன்.

"அதுவும் ஆயுதந்தானே," என்றார். ஒயரையெல்லாம் கழற்றிச் சரியாகத்தான் திரும்பச் செருகினாராம். அக்காவை நாளைக்கு வரச் சொல் என்றார். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் இல்லை.

போர்ட்டைத் திறந்துவிட்டு ஹனூருக்கு போன். அக்கா வீட்டுப் பக்கத்துக் கடைக்காரர்தான் எடுத்தார்.

"செல்விங்களா? காலைல பஸ்ஸுக்கே மாதேஸ்வரன் மலைக்குப் போயிட்டாங்க. பழி போட்டவங்களை நீயே பாத்துக்கன்னு மாதப்பன் சாமிகிட்டச் சொல்லிட்டு நாளைக்குத்தான் வர்றாங்களாம்."

எனக்கு சாமி பூதம் எல்லாம் கிடையாது. ஆனால் சார் கத்தினார், அவ்வளவுதான். பேர் கொடுத்தது நான்.

நாளை முதல் பஸ் கொள்ளேகாலுக்கு. அங்கிருந்து மலை பஸ். அக்கா இறங்கி வருவதற்குள் போய், நானாவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.